அம்மாவின் இரட்டை மூன்று

மருமகள் செல்போனில் பேக்கமன் என்கிற பகடை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். பகடை உருளும் சத்தம் கேட்டதும் எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது. மூக்குப்பொடி படிந்த நகங்கள். அவர் செத்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கை மீது எனக்குக் கோபம் தீரவில்லை.

அறுபதுகளில் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் அம்மா அவருடன் இதே பேக்கமன் ஆட உட்கார்ந்தாக வேண்டும். இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் அதை நான்கு தடவை ஆடலாம். அம்மாவுக்கு அப்படி விழும்போதெல்லாம், "டபுள்லாம் உனக்குப் புரியாது" என்று அவள் காய்களை அப்பாவே நகர்த்துவார், தனக்கு வசதியாக.

ஒருநாள் அவளுக்கு இரட்டை மூன்று விழுந்தது. அவள் காய்களுக்கு ஆறு கட்டம் தள்ளி அப்பாவின் காய் ஒன்று தனியாக, வெட்டுவதற்கு வாகாக நின்றது. அவர் அவசரமாக அவள் காய்களை வேறு பக்கம் தள்ளினார். அம்மா அவற்றைப் பழையபடி எடுத்து வைத்தாள். பிறகு இரண்டு காய்களை ஆறாறு கட்டம் நகர்த்தி, அவர் காயை வெட்டி, அந்த இடத்தையும் அடைத்தாள்.

"சோறு போடு" என்றார் அப்பா.

"ஆட்டம் முடியட்டுங்க."

அவர் பலகையை எட்டி உதைத்துவிட்டு எழுந்து போனார்.

என் மகன் இப்போது மருமகளின் செல்போனுக்குக் கை நீட்டினான். "டபுளா? குடு, நான் ஆடறேன்."

"கையை எடுடா" என்றேன். "அவளுக்கு விழுந்தது அது."