பச்சைக் கல் வீடு

போன வாரம் பேரன் ஒரு வழவழப்பான விளம்பரத் தாளைக் காட்டினான். மண் வீட்டு விடுதியாம், ஏ.சி. இல்லாமலே குளுகுளுவென்று இருக்குமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மண் வீடு கட்டாதே என்று நோட்டீஸ் எழுதியே சம்பளம் வாங்கியவன் நான்!

ஐம்பதுகளில் திருவொற்றியூர்ப் பக்கம், கட்டட அனுமதி தரும் ஆபீஸில் குமாஸ்தா வேலை. தமிழில் வரும் மனுவை இங்கிலீஷாக்கி அதிகாரி மேசையில் வைக்க வேண்டும். என் இங்கிலீஷின் லட்சணம் இதோ தெரிந்துவிடும்.

அஞ்சலையக்கா மீன் விற்பவள். கூடையை வாசலில் வைத்தாலும் வாசனை அவளோடு உள்ளே வந்துவிடும். அவள் குப்பத்தில் தீப்பிடித்துக் குடிசைகள் போன பிறகு, இனி ஓலையும் மண் சுவரும் கூடாது, செங்கல் அல்லது கல்தான் என்று உத்தரவு.

"சுட்ட கல்லு உப்புக் காத்துல பொரிஞ்சி கொட்டுது நைனா. வெள்ளம் நிக்கிற உசரம் வரைக்கும் கருங்கல்லு, மேல பச்சக் கல்லு, கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு. ஐப்பசி மயைக்குள்ள முடிக்கணும். பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்துகீது" என்று மனுவை நீட்டினாள்.

பச்சைக் கல் என்றால் சூளைக்குப் போகாமல் வெயிலில் காய்ந்த மண் கல். இந்த ஊர்க்காரனான எனக்கு அது தெரியாதா? தெரியும், தமிழில். இங்கிலீஷுக்கு அகராதியைப் புரட்டி, 'கிரீன் ஸ்டோன்' என்று பெருமையாக எழுதி வைத்தேன். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, "கல்லா? பேஷ்!" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மழைக்கு நாலு நாள் முன்னால் அக்கா வீட்டுக்கு ஓடு ஏறிவிட்டது. அதோடு விட்டாரா அதிகாரி? அந்தப் பச்சைக் கல்லைத் தன் வீட்டு முற்றத்துக்கும் போட ஆசை வந்துவிட்டது. நேரில் பார்க்கக் கிளம்பினார், பின்னால் நான். மண் என்று தெரிந்தால் அவள் வீடு இடிபடும், என் வேலையும் போகும்.

கொட்டுகிற மழையில் வெள்ளைச் சுவரைச் சுற்றி வந்தார். "எங்கே பச்சை?"

"உள்ள கீது சார். மேல பூசிட்டோமுல்ல?" என்றாள் அக்கா, கண் கொட்டாமல்.

அவர் குடையை மடக்கி, அதன் முனையால் பூச்சைச் சுரண்டப் போனார். உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டது.

"குழந்தைக்கு எத்தனை நாள்?"

"ஒம்போது நாளு சார். இம்மா மயையிலயும் ஒரு சொட்டு உள்ள எறங்கல."

குடை கீழே இறங்கியது. சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "நல்ல கல்தான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

நேற்றுப் பேரனோடு அங்கே போனேன். அக்கா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த வரிசை வீடுகளையும் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், எந்த உத்தரவுக்கும் பொருந்துகிற அசல் கல். நின்று அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

"இன்னா தாத்தா தேடிக்கினு கீற?" என்றான் பேரன்.

"பச்சைக் கல்லுடா."

அவன் குனிந்து, பாசி படிந்த ஒரு பாறையைத் தட்டிக் காட்டினான். "இதோ கீதே!"