அத்தானின் பெயருக்கு முன்னால்

எங்கள் ஊர் மரண அறிவித்தல்களில் செத்தவரைவிட மற்றவர்களின் கதைதான் அதிகம். யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்தச் சகோதரம் கனடாவில், எது லண்டனில் என்று முழுச் சொந்தமும் வரும். அதில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். உயிரோடு இருப்பவருக்குத் தவறிப் போட்டுவிட்டால் பிறகு கேட்கவே வேண்டாம், செத்த வீடு சண்டை வீடாகிவிடும்.

அக்கா புற்றுநோயில் செத்த அன்று அச்சகக்காரர் தொலைபேசியில் கேட்டார்: "தங்கச்சி, உங்கடை அத்தானின்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' போடுறதோ, விடுறதோ?"

போர் முடிந்த நேரம், விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்ன ராணுவத்தினரிடம் அத்தானை அக்காவே கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தாள். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். பிறகு அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களின் குடும்பங்கள் போட்ட தெருவோரப் போராட்டப் பந்தலில் இருந்தே அவள் காலம் கழிந்தது. ஆசுபத்திரிக் கட்டிலிலும் குங்குமப் பொட்டை விடவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணை, "போடச் சொல்லு. இவ்வளவு காலம் வராத மனிசன் இனி வரப்போறாரோ?" என்றார்.

வரமாட்டார் என்று எனக்கும் தெரியும். என் நம்பிக்கை எப்போதோ செத்துவிட்டது. அதற்கு ஒருவரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. ஆனாலும் அக்காவை விதவை என்று அச்சடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போடாதேங்கோ" என்றேன். அண்ணை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெண்கள் அக்காவுக்குக் கூறைச் சேலை உடுத்திப் பெரிய பொட்டாக வைத்தார்கள்.

மறுநாள் பறை அடிக்கத் தொடங்கிய நேரம் அச்சுவேலியிலிருந்து ஓர் அம்மா மூச்சிரைக்க வந்தார். போராட்டப் பந்தலில் அக்காவோடு இருந்தவர். அவருடைய மகனையும் அதே பஸ்ஸில்தான் ஏற்றினார்கள். செத்த வீட்டுக்கு வந்த மனுஷி பிணத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சந்தியிலை நோட்டீஸ் பாத்தனான், பிள்ளை. காலஞ்சென்ற எண்டு போடேல்லை. அவர் வந்திட்டார், என்ன? எங்கை அவர்? என்ரை பொடியனைக் கண்டவரோ எண்டு ஒருக்காக் கேக்கவேணும்."

அக்காவுக்காக நான் போடாமல் விட்ட ஒரு சொல் இந்த மனுஷிக்கு உயிர் கொடுத்திருந்தது.

"அவர் இல்லை, அம்மா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சை இல்லை எண்டுறியளோ, பிள்ளை? ஆளே இல்லை எண்டுறியளோ?"

அச்சகக்காரர் கேட்டதும் இதைத்தான். அவருக்கு ஒரு பதில் சொல்ல முடிந்தது. இவர் கையை விடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.