ஓட்டை ஒட்டி ஓடும் ரத்தம்

எங்கள் அண்ணியைப் பேச வைப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. முட்டை என்று ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தமாட்டார். குஞ்சு பொரிப்பகத்தில் அவருக்கு இருட்டறை வேலை. ஒவ்வொரு முட்டையாக விளக்கின் முன்னால் பிடித்து, உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே வரும்போது பாதித் தூக்கத்தில் நடப்பவர் போலத்தான் வருவார்.

"உள்ள சிவப்பு நூல் நூலா ஓடும். நடுவுல ஒரு பொட்டு துடிக்கும், அதான் இதயம்" என்பார். "நுரையீரல் வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் ஓடுதான் அதுக்கு மூக்கு. ஓடு பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. இதயம் ரத்தத்த ஓடு வரைக்கும் தள்ளும். அது அங்க ஆக்சிஜன வாங்கிட்டு உள்ள திரும்பும்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓட்டைக் கொத்திவிட்டு அசையாமல் கிடந்த குஞ்சு ஒன்றைப் பார்த்து மனசு கேட்காமல் உரித்துவிட்டாராம். ஓட்டோரத்து ரத்தம் அதற்குள் உடம்புக்குத் திரும்பியிருக்கவில்லை. அவர் கையிலேயே ரத்தம் கொட்டிச் செத்தது. அதைச் சொல்லும்போது அண்ணி யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

போன மாதம் தட்டுகளைக் காலி செய்யும்போது ஒரு முட்டை மட்டும், அலகு நுழையும் அளவு ஓட்டையோடு மிச்சமிருந்தது. மிச்சத்தைக் கொட்டிவிடுவதுதான் அங்கே வழக்கம்.

"எங்களுக்கு அது குப்பைம்மா, வேணும்னா எடுத்துக்கோ" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணி அதைத் துணியில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோரம் வைத்து, பாதித் தூக்கத்தில் மிதப்பவர் போலப் பேருந்தில் வீடு வந்தார்.

அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சத்தமே காணோமே. லேசா உரிச்சு விடேன்."

"ரத்தம் இன்னும் உள்ள போய்ச் சேரலைங்க."

"அதுக்குள்ள செத்துப்போச்சுன்னா?"

அண்ணி முட்டையைச் சட்டைக்குள் நெஞ்சோரமே வைத்துக்கொண்டார். மதியம் முழுக்கச் சுவரில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெயில் தரையைக் கடந்து அவர் காலில் ஏறியது. எந்தத் துடிப்பு யாருடையது என்றே தெரியவில்லை என்று முணுமுணுத்தார். எனக்கும் பயம்தான். ஒருமுறை முட்டையை வெளியே எடுத்துப் பார்த்தபோது அவர் நகம் ஓட்டையின் விளிம்பு வரை போனது. சட்டென்று அந்தக் கையைத் தொடைக்கடியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாயும்போது ஓடு தானாகப் பிரிந்தது. ஈரமாக, அவலட்சணமாக, ஊரைக் கூட்டிக்கொண்டு ஒரு குஞ்சு. அண்ணனும் நானும் போட்டிபோட்டுக் குனிந்தோம். அண்ணி அதைப் பார்க்கவே இல்லை. காலி ஓட்டுக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவி, அந்த விரலை எங்களிடம் நீட்டினார்.

"பாருங்க, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்ல" என்றவர், ஓவென்று அழுதார்.