மிஷினைக் கும்பிட்ட தரகர்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் போத்தனூர் லேத் பட்டறை முதலாளிக்கு வயதாகிவிட்டது. பட்டறையைத் தொடர்ந்து நடத்துகிறவருக்கே விற்க வேண்டும், எங்கள் வேலையும் போகக் கூடாது என்று ஒரு தரகரிடம் சொன்னார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஆள். வரும்போதெல்லாம் ஒவ்வொரு மிஷினையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தப் பக்தியிலேயே முதலாளி மயங்கி, அவர் கூட்டிவந்த ஆளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கிரயம் முடிந்ததும் கூச்சத்தை விட்டுத் தரகரிடம் கேட்டேன். "ஏனுங்க, நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"

"எதுக்குங்க கண்ணு? வாங்கினவரு இங்க கல்யாண மண்டபங் கட்டறாருங்க. மிஷினைப் பழைய இரும்புக்குப் பேசிப்போட்டேன்."

"தொட்டுத் தொட்டுக் கும்பிட்டீங்களேங்க?"

"பொணத்தைக் கும்பிடறதில்லீங்களா?" என்றார், சிரிக்காமல்.

அவர் முதல் நாள் கும்பிட்டபோது என் லேத் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எழுதியது: 1996, ஆயுத பூஜை அன்று.