அட்டாவுக்கு வாங்க

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கொல்கத்தாவுக்கு வந்தேன். டாலிகஞ்சில் வீடு. பார்க்கிறவனெல்லாம், "செக்யூரிட்டி வேலைக்குப் போறதுதானே?" என்றான். எவனுக்கோ கேட் திறந்துவிடவா அத்தனை வருஷம் எல்லையில் கிடந்தேன்? கோபத்தில் யாரிடமும் பேசுவதையே விட்டுவிட்டேன்.

ஒருநாள் எதிர்வீட்டு மிஹிர் பாபு, "தாதா, வீட்டுக்குள்ளயே ஏன் அடைஞ்சு கிடக்கீங்க? சாயந்திரம் எங்க அட்டாவுக்கு வாங்க" என்று அண்ணன் முறை வைத்து இந்தியில் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த பட்டாளத்து இந்தியில் அட்டா என்றால் சூதாட்டமும் சாராயமும் நடக்கிற இடம்.

"என்னைப் பார்த்தா குடிகாரனாட்டம் தெரியுதா? போய்யா!" என்று தெருவே பார்க்கக் கத்தினேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இங்க அட்டான்னா டீக்கடையில உக்காந்து அரட்டை அடிக்கிறதுங்க! மதிச்சுக் கூப்பிட்ட ஒரே மனுஷனையும் விரட்டிட்டீங்களே!"

அன்று மாலையே டீக்கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "கொஞ்சம் நகருங்க" என்றேன்.

மிஹிர் பாபு பெஞ்சில் இடம்விட்டு, "வாங்க தாதா, குடிகாரங்க கூட்டத்துக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

இப்போது தினமும் போகிறேன். தெருவில் யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் எங்கள் கூட்டம்தான் ஓடுகிறது. துணைக்கு உட்காருவது நான். கோபம் குறையவில்லை. புரியாத வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுவிட்டு அப்புறம் கத்துகிறேன். அட்டாவில் அவர்களும் பதிலுக்குக் கத்துகிறார்கள். மறுநாள் போகாவிட்டால் வீட்டுக்கே வந்து கத்துகிறார்கள்.