மாடத்தியின் மரத்துப்போன குலவை

மேலகரத்தில் மாடத்தியின் குலவை இல்லாமல் ஒரு நல்ல காரியமும் நடந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, அது வயிற்றுப்பாட்டுக்கு. பெயர் வாங்கித் தந்தது நாக்குதான். ஒன்பது வயதில் கோயில் கொடைவிழாவில் ஆரம்பித்தவள், ஐம்பத்திரண்டிலும் நிறுத்தவில்லை. வயலில் போர் போட்டுத் தண்ணீர் வந்தபோது குலவை போட்டாள். மூன்று நாளாகப் போயிருந்த கரண்ட் திரும்பி வந்ததற்கும் போட்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு, அண்ணன் மகள் அனுசியாவின் கல்யாணத்தன்று விடியற்காலையில் கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்தது. இலஞ்சி மண்டபத்தில் பத்தரைக்குத் தாலிகட்டு. முதல் குலவை அத்தைக்காரியின் உரிமை. அவள் விட்டால் பிடித்துக்கொள்ள, பெண்ணின் பெரியம்மா பேராச்சி பத்து வருஷமாகக் காத்துக் கிடக்கிறாள். எட்டு மணிக்கே பல் டாக்டர் ஜாய் முன்னால் போய் வாயைத் திறந்தாள் மாடத்தி.

"வலியே தெரியக் கூடாது டாக்டரம்மா. இருக்கதுலயே ஸ்ட்ராங்கா ஒரு மரப்பு ஊசி போட்டுப் பிடுங்குங்க."

"சாதா லிக்னோகெய்ன் சீக்கிரம் தெளிஞ்சிரும்மா. அட்ரினலின் கலந்தா ரத்தக்குழாய் சுருங்கும், ரத்தம் மருந்த அடிச்சிட்டுப் போவாது. மூணு நாலு மணி நேரம் மரத்துக் கிடக்கும்."

"நாலு மணி நேரமா? அதையே போடுங்க!"

சேலையோ சட்டியோ, நாள்பட உழைப்பதையே கேட்டு வாங்கிப் பழகியவள். எட்டும் நாலும் எத்தனை என்று கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பல் கழன்று வந்தது தெரியவில்லை. நாக்கு போனதும் தெரியவில்லை. மண்டபத்தில் கைகழுவும் இடத்தில் ஒத்திகை பார்த்தபோது, காற்றும் எச்சிலும்தான் வந்தன. கண்ணாடியில் நாக்கு ஆடியது. ஆடுவது அவளுக்குத்தான் தெரியவில்லை. பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ரத்தம் ஓடி மருந்தக் கொண்டு போனாத்தான் நரம்பு முழிக்கும். தெளியுத வரைக்கும் சாப்பிடாதீங்க. குலவை கிலவைன்னு போட்டுராதீங்க, ரத்தம் வந்துரும்."

குலவையைப் பற்றிச் சொன்னது மட்டும் காதில் ஏறவில்லை. ரத்தத்தை ஓட்டுவதற்காகப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்தைப் பதினொரு சுற்று ஓடினாள். நேர்த்திக்கடன் என்று நினைத்து இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது. மாடத்தி வாயைத் திறந்தாள்; மாப்பிள்ளை முகத்தில் சாரல் அடித்தது. பேராச்சி சட்டென்று பிடித்துக்கொண்டாள். நன்றாகவே போட்டாள், பாவி. மாடத்திக்கு அழுகையே வந்துவிட்டது.

பந்தியில் இலையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மதினி, வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்றாள் பக்கத்து இலைப் பேராச்சி.

மணி பன்னிரண்டை நெருங்கியது. ஆத்திரத்தில் மாடத்தி உதட்டைக் கடித்தாள். வலித்தது! பல் பிடுங்கிய குழியும் வலித்தது. துழாவிப் பார்த்தாள், நாக்கு இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவளுக்கு எதுவும் வலித்ததில்லை. எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு குலவை போட்டாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

மாடி ஹாலில் வேறொரு கல்யாணம். குலவைச் சத்தம் கேட்டதும் அங்கிருந்த மேளக்காரர் கெட்டிமேளத்தை வெளுத்தார். அந்த மாப்பிள்ளை பதறிப்போய் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அந்த மாடிக் கல்யாணப் பெண்ணின் அம்மா படியிறங்கி வந்தாள். "குலவை போட்டது யாரு?"

பேராச்சி ஆசையாக விரலை நீட்டினாள்.

"நல்லா இருப்பீக அக்கா! பன்னெண்டோட முகூர்த்தம் முடியுது, அய்யரு மந்திரத்த முடிக்கவே மாட்டேங்காரு. நீங்க போடலன்னா நேரம் தப்பியிருக்கும். சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்குப் போகையிலயும் நீங்கதான் வந்து போடணும்."

மாடத்தி இடுப்பிலிருந்து டாக்டர் கொடுத்த பஞ்சை எடுத்து, குழியில் வைத்துக் கடித்தாள். பிறகு பேராச்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன மணிக்கு?"