மூன்று டின் தேங்காய்ப்பூ

சீனி பாகாகி, அதில் துருவிய தேங்காய்ப்பூ விழுந்து, ஏலக்காய் சேரும்போது எழும் மணம், இறப்பர் மரப்பாலின் புளித்த வாடையையே கொஞ்ச நேரம் விரட்டிவிடும். தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் அந்த மணம் வந்தால் அது பரமேஸ்வரியின் வீடுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ருவான்வெல்லைப் பக்கத்துத் இறப்பர்த் தோட்டமொன்றில் நானும் அவளும் அடுத்தடுத்த ஒற்றை அறை "காம்பிரா"க்களில் வளர்ந்தோம், ஒரே வகுப்பில் படித்தோம். அவள் கிண்டும் "தேங்காய் டொபி" வில்லை வில்லையாக வரும்; நான் கிண்டினால் ஒன்று களியாகும், இல்லையென்றால் கல்லாகும். "அவ காலக் கழுவிக் குடிச்சாலாவது ஒனக்குக் கைப்பக்குவம் வருதானு பாப்போம்" என்பாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்தாம் வகுப்பில், கேகாலையில் நடந்த சமையல் போட்டிக்கு மனைப்பொருளியல் டீச்சர் அவளைத்தான் தெரிந்தெடுத்தார். நானும் வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். பரமேஸ்வரியின் அளவெல்லாம் காலிப் பால் டின்னால்: மூன்று டின் தேங்காய்ப்பூ, இரண்டு டின் சீனி. போட்டிக்கோ கிராமில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அங்கே சாமான் நிறுத்துத் தருவார்கள். "நீ கணக்குல கெட்டிக்காரிதானே, இவளுக்குக் கிராமுல மாத்திக் குடு" என்று டீச்சர் அந்த வேலையை என் தலையிலேயே கட்டினார்.

தோட்டத்துக் கடைத் தராசில் ஒரு டின் சீனியை நிறுத்தேன்: இருநூற்றைம்பது கிராம். தேங்காய்ப்பூவை நிறுக்கவில்லை; நிறுத்திருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது. அதற்கும் அதே இருநூற்றைம்பதைப் போட்டு, மூன்று டின்னுக்கு எழுநூற்றைம்பது என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அப்பா இறப்பர் பால் அளக்கும் "மடுவ"த்தில் வேலை செய்தவர், வாளிப் பாலில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் கெட்டி பார்த்து, இத்தனை லீட்டருக்கு இத்தனை கிலோ இறப்பர் என்று பதிகிறவர். "தண்ணிப் பாலும் கெட்டிப் பாலும் வாளிக்கு ஒன்னுதான், நெறைக்கு ஒன்னாகுமா" என்பது வீட்டில் தினமும் கேட்ட பேச்சு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடையாக வேண்டும் என்பார்களே, அந்தப் புத்தி. பரமேஸ்வரி தாளை வாங்கி, "பெரிய ஒத்தாச புள்ள" என்றாள்.

போட்டிக்குத் துணையாக என்னையும் டீச்சர் கூட்டிப்போனார். தாளில் உள்ளதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிழை என்றால் டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. தட்டில் குவிந்து கிடந்த தேங்காய்ப்பூவைப் பார்த்துப் பரமேஸ்வரி சற்று நின்றாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு எல்லாவற்றையும் சட்டியில் கொட்டினாள். டொபி இறுகவேயில்லை, கத்தி பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு இரண்டு நாள் சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் இப்போது கொழும்பில் கேக் செய்து விற்கிறேன். மின்தராசில் வைக்காமல் ஒரு பிடி மாவைத் தொடமாட்டேன். போன மாதம் ருவான்வெல்லைக் கடைத்தெருவில் அவளைக் கண்டபோது, இத்தனை வருடம் கழித்தாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அன்னைக்கு நான் எழுதின தாளு..." என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"தட்டப் பாத்ததுமே தெரிஞ்சிச்சு புள்ள. சொல்லியிருந்தா டீச்சர் ஒன்னக் கிழிச்சிருப்பாங்க, ரெண்டு வீட்டுக்கும் சண்டையாகியிருக்கும். நாங்க ஒரே லயத்துல இருக்கணும்ல. சரி, விடு."

அந்த லயம் இன்று இல்லை. இறப்பர் மரங்களை வெட்டிவிட்டு முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள், மடுவத்துக்குக் கூரையும் இல்லை. உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். பதினைந்து வயதில் அவளால் அப்படி வாயை மூடிக்கொண்டு தோற்க முடிந்ததே என்று, வீடு வந்து சேரும்வரை பொறாமையாகத்தான் இருந்தது.